கேப்டனம்மாவின் கை

கேப்டனம்மாவுக்குச் சாவதில் நல்ல பெயர். வாரத்தில் நான்கு நாள், இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தபடியே சத்தமில்லாமல் செத்துப்போவார். கண் பாதி திறந்திருக்கும், கை மடியில் விழுந்து கிடக்கும். பக்கத்து இருக்கையில் பயிற்சிக்கு வந்திருப்பவர் "கேப்டன், உயரம் குறையுது" என்று சொன்னால் பதில் வராது. இன்னொரு தடவை சொன்னாலும் வராது. இரண்டு தடவை கூப்பிட்டும் சரியான பதில் வராவிட்டால், மேற்கொண்டு யோசித்துக்கொண்டிருக்காமல் விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விமானிகளுக்கு விதி. எடுக்கிறார்களா என்று பார்க்கத்தான் இந்தச் சாவு.

இதெல்லாம் ஆகாயத்தில் நடப்பதில்லை, பயப்பட வேண்டாம். உயரமான ஒரு கூடம், அதன் நடுவில் ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் நிஜ விமானத்தின் முன்னறை அப்படியே இருக்கும். அதே இருக்கை, அதே பொத்தான், அதே லீவர். கண்ணாடிக்கு வெளியே தெரியும் ஓடுபாதை மட்டும் படம். சிமுலேட்டர் என்பது அதன் பெயர், ஆனால் அங்கே வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் அது பெட்டிதான். கால்கள் அசையும்போது பெட்டி ஆடும், சாயும், குலுங்கும். முதல் தடவை ஏறுகிறவர்கள் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

மற்ற பயிற்சியாளர்கள் பின்னால் நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, "இப்போ கேப்டனுக்கு மயக்கம்னு வெச்சுக்குங்க" என்பார்கள். கேப்டனம்மாவுக்கு அந்த "வெச்சுக்குங்க" பிடிக்காது. பெட்டியை இயக்கப் பின்னால் இருக்கும் திரையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தானே முன்னால் போய் உட்காருவார், தானே சாவார். இதற்கு வீட்டில் ஒத்திகை வேறு உண்டு. சோபாவில் அவர் தலை சாய்ந்து கிடக்க, பதினோரு வயது மகள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து மார்க் போடுவாள்.

"போன வாரத்துக்கு இது பரவால்ல. ஆனா மூச்சு விடறது தெரியுதும்மா."

"செத்தாலும் மூச்சு விட வேண்டாமாடி?" என்பார் கேப்டனம்மா.

"உங்கம்மாவுக்குச் சம்பளமே அதுக்குத்தான், தொந்தரவு பண்ணாதே" என்று சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுப்பார். அவர் பல் டாக்டர். அவரிடம் வருகிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாயைத் திறந்துகொண்டு அசையாமல் கிடப்பார்கள் என்பதால் அவருக்கு இதில் பெரிய வியப்பொன்றும் கிடையாது.

கேப்டனம்மா விமானம் ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம், கேப்டனாகிப் பதினாறு வருஷம், பயிற்சியாளராகிப் பதினோரு வருஷம். இத்தனை வருஷத்தில் அவருடைய கோப்பில் ஒரு கீறல் கிடையாது. ஒரு எச்சரிக்கை, ஒரு விளக்கக் கடிதம், ஒரு மறுசோதனை, எதுவும் இல்லை. அதைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொள்வதில்லை என்று சொன்னால் அது பொய். நேரடியாகச் சொல்ல மாட்டார். ஆனால் யாராவது தன் கோப்பைப் பற்றிப் புலம்பினால், "ஓ, அப்படியெல்லாம்கூட எழுதுவாங்களா?" என்று அப்பாவி போலக் கேட்பார்.

அவரிடம் எட்டு வாரத்துக்கு முன் வந்து சேர்ந்தவள்தான் ட்ராலி.

அது அவளுடைய வகுப்பில் இருந்தவர்கள் வைத்த பெயர். முப்பத்தாறு வயது. அதில் பதினோரு வருஷம் விமானப் பணிப்பெண்ணாகச் சாப்பாட்டு ட்ராலியைத் தள்ளியவள். விடுமுறை நாளையெல்லாம் கரைத்துச் சின்ன விமானம் ஓட்டப் படித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, ஒரு வழியாக இந்தப் பெட்டியின் வலது இருக்கை வரைக்கும் வந்துவிட்டாள். அவளைவிடப் பத்து வயது இளையவர்கள் அந்தப் பெயரால் கூப்பிட்டபோது அவள் முகம் சுளிக்கவில்லை. "ஆமா, ட்ராலிதான். உங்களுக்கெல்லாம் கடைசி வரிசைல சாப்பாடு தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடுவேன்" என்றாள். பெயர் நிலைத்துவிட்டது.

கை நல்ல கை. கேப்டனம்மா முதல் நாளே பார்த்துவிட்டார். விமானத்தை அவள் பிடித்திருக்கும் விதத்தில் ஒரு பதற்றமும் இல்லை. வாய்தான் பிரச்சினை. பதினோரு வருஷமாக, கேப்டனின் கதவை மெதுவாகத் தட்டி, காத்திருந்து, அனுமதி கிடைத்தபின் உள்ளே போய், காபியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்த பழக்கம் அது. வேறொரு பயிற்சியாளரிடம் இருந்தபோது கேப்டன் மயங்கும் பாடத்தில் அவள் நாற்பது விநாடி காத்திருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நாற்பது விநாடி ஒன்றுமே இல்லை. தரையை நோக்கி இறங்கும் விமானத்தில் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இறுதிச் சோதனையில் அதற்காகவே அவளை நிறுத்திவிட்டார்கள். இன்னும் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அதிலும் விழுந்தால் பயிற்சி அத்தோடு சரி. பழைய ட்ராலிக்குத் திரும்ப வேண்டியதுதான், அதுவும் அங்கே இடம் காலியாக இருந்தால்.

"என்கிட்ட அனுப்புங்க" என்று கேப்டனம்மாதான் கேட்டு வாங்கினார்.

முதல் நாள் முதல் சாவு. ட்ராலி இரண்டு தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை. மூன்றாவது தடவை குனிந்து, தாழ்ந்த குரலில், "மேடம், உடம்பு சரியில்லையா? தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள். பெட்டி மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கேப்டனம்மா உயிர்பெற்று எழுந்தார். "செத்தவளுக்கு எதுக்குடி தண்ணி? பின்னாடி நூத்தெண்பது பேர் உக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் கொண்டு போய்க் குடு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறுபடி செத்தார். மறுபடி, மறுபடி. சில நாள் மேகத்துக்குள் செத்தார், சில நாள் தரையிறங்கப் போகும்போது செத்தார், ஒரு நாள் பாதி வாக்கியத்தில் செத்தார். ஆறாவது வாரத்தில் ட்ராலி ஆறே விநாடியில், "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிவிட்டு விமானத்தை எடுத்துக்கொண்டாள். விமானம் இனி என் பொறுப்பு என்று ஒரு விமானி இன்னொரு விமானியிடம் சொல்லும் வாசகம் அது. அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. கேப்டனம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. செத்த நிலையிலேயே சிரித்துவிட்டார்.

ஆனால் அவர் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. செத்த கேப்டனிடமிருந்து விமானத்தை வாங்க இவள் கற்றுக்கொண்டுவிட்டாள். உயிரோடு இருக்கிற கேப்டன், நன்றாகப் பேசுகிற கேப்டன், தெளிவான குரலில் தப்பாகச் சொன்னால்? ஏழாவது வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே திசையைப் பத்து டிகிரி தவறாகச் சொன்னார். ட்ராலி ஒரு நொடி மீட்டரைப் பார்த்தாள், பிறகு "சரி மேடம்" என்று திருப்பினாள்.

பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "தப்புன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

கேப்டனம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். திட்டினால் இவள் இன்னும் பணிந்துபோவாளே தவிர நிமிர மாட்டாள். அதற்குப் பிறகு தினமும் இரண்டு மூன்று தப்பு வேண்டுமென்றே சொன்னார். ட்ராலியும் கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்கினாள். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு இருந்தது, விளையாட்டில் ஒளிந்திருப்பவரைக் கண்டுபிடித்த குழந்தையின் சிரிப்பு. மேடம் சோதிக்கிறார் என்று தெரிந்து சொல்கிறாள், அவ்வளவுதான். மேடம் நிஜமாகவே தப்புச் செய்வார் என்று அவளுக்கு எள்ளளவும் எண்ணமில்லை. உண்மையைச் சொன்னால், மேடத்துக்கும் இல்லை.

சோதனை நாள் காலை பத்து மணிக்கு. சோதனை நடத்த வந்தவருக்குத் தராசு என்று பெயர். யாருடைய முகத்துக்கும் அரை மார்க் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அவர் பின்னால் திரைக்கு முன் உட்கார்ந்தார். ட்ராலி வலது இருக்கையில். இடது இருக்கையில் கேப்டனாக உட்கார ஒரு ஆள் வேண்டும். விதிப்படி அவளுடைய பயிற்சியாளரே உட்காரலாம். கேப்டனம்மா உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நீங்க சாக வேண்டாம்" என்றார் தராசு பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. "அந்தப் பாடம் நேத்தே பார்த்தாச்சு, நல்லா பண்ணாங்க. இன்னிக்கு நீங்க வெறும் கேப்டன். அவங்க ஓட்டுவாங்க, நீங்க கூட இருந்து உங்க வேலையைப் பாருங்க."

அவர்கள் பெட்டிக்குள் ஏறிவந்த நடைபாலம் மேலே தூக்கிக்கொண்டது, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது, பெட்டி மூச்சு விட்டு எழுந்தது. முதல் புறப்பாடு சுத்தம். ஒரு சுற்று, தரையிறக்கம், அதுவும் சுத்தம். இரண்டாவது தடவை ஓடுபாதையில் வேகமெடுத்து, மூக்கு மேலே எழும்பி, சக்கரம் தரையை விட்ட நேரம் பார்த்துத் தராசு ஒரு எஞ்சினை நிறுத்தினார்.

விமானம் ஒரு பக்கம் இழுத்தது. ட்ராலி காலை அழுத்தி நேராக்கினாள். அழகாக நேராக்கினாள். இரண்டு எஞ்சினில் ஒன்று போனாலும் விமானம் ஏறும். ஓட்டுகிறவர் அதை நேராக வைத்திருக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எந்த எஞ்சின் போனது என்று பார்த்துச் சொல்லி, ஓட்டுகிறவரும் ஆமாம் என்றபின், அதன் லீவரைப் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். அவசரமே கூடாத வேலை. இதை அவசரப்பட்டுச் செய்து, ஓடுகிற எஞ்சினை நிறுத்திவிட்டால், அப்புறம் விமானத்தில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை.

"இடது எஞ்சின் போச்சு" என்றார் கேப்டனம்மா. குரல் தெளிவாக, நிதானமாக, பதினோரு வருஷம் பாடம் நடத்திய குரலாக இருந்தது. "இடது லீவரைக் குறைக்கிறேன். சரியா?"

ட்ராலி தன் கால்களைக் கவனித்தாள். அவளுடைய இடது கால் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது, வலது கால் சும்மா கிடந்தது. எந்தக் கால் சும்மா கிடக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் போயிருக்கும். முதல் மாதத்திலேயே எல்லாருக்கும் சொல்லித்தருவது.

"இல்ல கேப்டன்" என்றாள். "வலது."

"இடது" என்றார் கேப்டனம்மா. சொன்னதோடு நிற்கவில்லை. கை ஏற்கெனவே இடது லீவரின் மேல் இருந்தது.

அந்த ஒரு விநாடியில் அவருக்குள் ஓடியதை அப்படியே சொல்லிவிடலாம், மறைப்பானேன். யாரிடம் சொல்கிறாள் என்று ஒரு கோபம். எனக்கா தெரியாது என்று இன்னொன்று. அதற்குமேல் அவர் ஒன்றும் யோசிக்கவில்லை, மீட்டரைப் பார்க்கவும் இல்லை. கை லீவரை இழுக்கத் தொடங்கிவிட்டது. விமானம் ஏறுவதை நிறுத்திச் சற்றே தொய்ந்தது.

"கேப்டன், வலது எஞ்சின். மீட்டரைப் பாருங்க." இது இரண்டாவது தடவை.

பதில் வருவதற்கு அவள் காத்திருக்கவில்லை. அவளுடைய இடது உள்ளங்கை கேப்டனம்மாவின் கைமேல் விழுந்தது. தட்டவில்லை, தடவவில்லை, அழுத்தி, லீவரோடு சேர்த்து முன்னால் தள்ளியது.

"கைய எடுங்க, கேப்டன். லீவர் என்கிட்ட."

கேப்டனம்மா கையை எடுத்தார். அப்போதுதான் மீட்டரைப் பார்த்தார். வலது எஞ்சினின் முள்கள் எல்லாம் கீழே படுத்திருந்தன. இடது எஞ்சின், பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

இடது என்று ஏன் சொன்னோம் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. பயிற்சியாளரின் திரையில் எஞ்சின்களை நிறுத்தும் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். முதல் பொத்தான் இடது எஞ்சின். தான் சாகாத பாடங்களில் பதினோரு வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து, இரண்டாவது புறப்பாட்டில், அவர் விரல் அந்த முதல் பொத்தானைத்தான் தட்டிவந்திருக்கிறது. அவருடைய வகுப்பில் எப்போதும் இடது எஞ்சின்தான் போகும். ஆகவே இன்றும் இரண்டாவது புறப்பாடு என்றதும் இடது எஞ்சின் போய்விட்டது, மீட்டரில் அல்ல, அவர் தலைக்குள். விமானம் ஓட்டுகிறவர்கள் செய்யும் தப்பு அல்ல இது. விமானம் ஓட்டச் சொல்லித்தருகிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு.

"வலது எஞ்சின் போச்சு" என்றார் இப்போது. "வலது லீவரைக் குறைக்கிறேன். சரியா?"

"சரி" என்றாள் ட்ராலி, முன்னாலேயே பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு ஒற்றை எஞ்சினோடு ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பக்கக் காற்றில், ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே இறக்கினாள். கேப்டனம்மா செய்ய வேண்டியதை எல்லாம் வார்த்தை பிசகாமல் செய்தார். காது மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

சோதனை முடிந்ததும் உட்கார்ந்து பேசுவதற்கென்று கூடத்தை ஒட்டி ஒரு சிறிய அறை உண்டு. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுவரில் சரியாக ஓடாத ஒரு கடிகாரம். ட்ராலி முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போயிருந்தாள். தராசு தாள்களை அடுக்கிக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்துக் கேப்டனம்மா பார்த்ததில்லை.

"ஒரு வார்த்தை என்கிட்ட முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் நீங்க."

"எதை?"

"எதையா? அந்த இடது எஞ்சின் நாடகத்தை. பின்னாடி நான் நிமிர்ந்து உக்காந்துட்டேன். அட, நெஜமாவே இவங்க தப்பா இழுக்கறாங்களேன்னு. நீங்க சாகறதுல கெட்டிக்காரின்னு கேள்விப்பட்டிருக்கேன், உயிரோட இருந்தும் இப்படி நடிப்பீங்கன்னு தெரியாது." அவர் பேனாவைத் திறந்தார். "சொல்லாம பண்ணது முறை இல்ல. ஆனா நான் திட்டம் போட்ட சோதனையவிட இது நல்ல சோதனை. அந்தப் பொண்ணு பாஸ். சும்மா பாஸ் இல்ல, நல்ல பாஸ்."

பாஸ் தாளில் கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் நேரத்தையும் எழுதினார். பிறகு சாதாரணமாக, "உங்களைச் சோதனை அதிகாரியா எடுத்துக்கலாம்னு சிபாரிசுக் கடிதம் ரெண்டு மாசமா என் மேஜைல இருக்கு. இன்னிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

சோதனை அதிகாரியின் நாற்காலிக்குக் கேப்டனம்மா நான்கு வருஷமாகக் காத்திருந்தார். ட்ராலியும் பாஸாகிவிட்டாள். யாருக்கும் நஷ்டமில்லை. பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். கோப்பும் சுத்தமாக இருக்கும். சும்மா இருப்பது எவ்வளவு சுலபமான வேலை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இருந்தார், ஒரு நிமிஷம் முழுக்க.

கதவைத் தட்டிவிட்டு ட்ராலி உள்ளே வந்தாள். தராசு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் படித்தாள், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றாள் கையை எடுத்துவிட்டு. "கடைசில அந்த எஞ்சின்ல என்னப் பயமுறுத்திட்டீங்க. நல்ல வேளை, நடிக்கறீங்கன்னு புரிஞ்சுது. நீங்க நெஜமா சொல்றீங்கன்னு நெனச்சிருந்தா சத்தியமா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்."

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். கேப்டனம்மாவுக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. எட்டு வாரம் செத்துச் செத்துச் சொல்லித்தந்தது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் காற்றோடு போகப்போகிறது. நாளைக்கு இவள் நிஜ விமானத்தில் உட்காருவாள், பக்கத்தில் ஒரு நிஜக் கேப்டன் நிதானமான குரலில் தப்பாகச் சொல்வார், இவள் அவர் முகத்தில் நடிப்பைத் தேடுவாள். நடிப்பு இருக்காது. வாயைத் திறக்க மாட்டாள்.

"நான் நடிக்கல" என்றார் கேப்டனம்மா.

பேனாவை மூடப்போன தராசின் கை நின்றது.

"நடிக்கலம்மா. எனக்கு இடதுன்னுதான் தோணுச்சு. மீட்டரை நான் பார்க்கவே இல்ல. நீ கைய வெக்கலைன்னா ஓடற எஞ்சினை நிறுத்தியிருப்பேன். நெஜ விமானமா இருந்தா இந்நேரம் நம்ம மூணு பேரும் இங்க பேசிட்டிருக்க மாட்டோம்."

ட்ராலியின் முகத்தில் ஈயாடவில்லை. தராசைப் பார்த்தாள், திரும்பக் கேப்டனம்மாவைப் பார்த்தாள். "சும்மா சொல்றீங்க மேடம். எனக்குத் தைரியம் வரணும்னு."

"என் மூஞ்சியப் பாரு. சும்மா சொல்ற மூஞ்சியா இது?"

பார்த்தாள். கேப்டனம்மாவின் காது இன்னும் சிவந்திருந்தது. பதினாறு வருஷக் கேப்டன், இவளுக்கு வேலை சொல்லித்தந்தவர், நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவர்போல மேஜையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நடிப்பில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. தன் இடது கையைத் தூக்கி, யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள்.

"அப்போ நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "நான் நெஜமாவே உங்க கையத் தள்ளினேனா?"

"தள்ளினே. ரெண்டு தடவை சொன்னே, கேட்கல, தள்ளினே. நான் சொல்லித்தந்ததவிட நல்லாவே தள்ளினே. இன்னும் வலிக்குது." கேப்டனம்மா அந்தக் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். உள்ளே பொங்குவது அவமானம் என்று முதலில் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அது பெருமை. இவ்வளவு பெருமை அவருக்குத் தன் கோப்பைப் பார்த்துக்கூட வந்ததில்லை.

தராசு நீண்ட மூச்சு விட்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து வேறு நிறத்தில் ஒரு படிவத்தை எடுத்தார். மஞ்சள். அந்த நிறத்தைக் கேப்டனம்மா மற்றவர்களுடைய கோப்புகளில்தான் பார்த்திருக்கிறார்.

"நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுட்டேன். இனிமே எழுதாம இருக்க முடியாது" என்றார். "மறுசோதனை முடியற வரைக்கும் உங்களுக்கு வகுப்பு கிடையாது. விமானமும் கிடையாது. அந்த சிபாரிசு ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போகும், தெரியும்ல?"

"தெரியும். எழுதுங்க."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்களே சொல்லிடுங்க."

கேப்டனம்மா சொன்னார், தராசு எழுதினார், எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். "புறப்பாட்டின்போது வலது எஞ்சின் நின்றது. கேப்டன் மீட்டரைப் பார்க்காமல் இடது லீவரை இழுத்தார். பயிற்சி பெறுபவர் இருமுறை எச்சரித்து, பின் கேப்டனின் கையை விலக்கித் தடுத்தார்."

"பயிற்சி பெறுபவர் இல்ல" என்றார் கேப்டனம்மா.

"பின்ன?"

"துணை விமானின்னு எழுதுங்க."

"அது நடந்தப்போ அவங்க பயிற்சிலதானே இருந்தாங்க? பாஸ் போட்டது அப்புறம். நேரம்கூட எழுதியிருக்கேன்."

"சார், அந்த நேரத்துல அந்தப் பெட்டில ஒரே ஒரு விமானிதான் இருந்தா. அது நான் இல்ல. நான் கைய வெச்சுட்டு உக்காந்திருந்த பயணி. அவள எந்தப் பேர்ல எழுதணும்னு நீங்களே நிறுத்துப் பாருங்க."

தராசு நிறுத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை, அவர் எதிலும் அவசரப்படுவதில்லை. பிறகு "பயிற்சி பெறுபவர்" என்பதன் மேல் ஒரு கோடு கிழித்து, மேலே "துணை விமானி" என்று எழுதி, திருத்தத்தின் ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். தாளைத் திருப்பிக் கேப்டனம்மாவிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார்.

ட்ராலி எட்டி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ் தாள் அவள் மடியில் கிடந்தது, அதை அவள் மறந்தேவிட்டாள்.

"மேடம், இதுல ஒரு காப்பி எடுத்துக்கலாமா?"

"எதுக்கு? என் தப்பைச் சட்டம் போட்டு மாட்டவா?"

"இல்ல மேடம்." அவள் குரல் உடைந்தது. "துணை விமானின்னு என்ன முதல் தடவையா எழுதியிருக்கறது இதுலதான்."

கேப்டனம்மா எழுந்தார், மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவில் இருந்த ஜெராக்ஸ் இயந்திரத்துக்குத் தானே போனார். இரண்டு காப்பி எடுத்தார். ஒன்றை ட்ராலியிடம் கொடுத்தார். இன்னொன்றை நாலாக மடித்து, கசங்காமல், தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.